கூலி ஏறும் ஊரைவிட்டு வேலை எங்கே போகிறது?

கொல்லிமலை செம்மேட்டில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

கொல்லிமலையின் சோளக்காடு சந்தைக்கு வரும் மிளகு மூட்டைக்கு விலை சொல்வதற்கு முன் வியாபாரி கொச்சி விலையைக் கேட்டுக்கொள்கிறார். கொச்சிக்காரர் வியட்நாம் விலையைக் கேட்டுக்கொள்கிறார். வியட்நாம் தன் மத்திய மலைநாட்டில், டக் லக், கியா லாய் மாகாணங்களில், மிளகைப் பெரிய அளவில் நடத் தொடங்கியது 1990களில்தான். 2000களின் தொடக்கத்திலேயே அது இந்தியாவை முந்தி உலகின் முதல் மிளகு நாடாகிவிட்டது. அங்கே நட்ட கம்பங்களில் கொடியை நெருக்கமாகப் படரவிட்டு, உரமும் நீரும் தாராளமாகக் கொடுத்து, ஒரு ஹெக்டேரில் இங்கே கிடைப்பதைப் போலப் பல மடங்கு எடுக்கிறார்கள். கொல்லிமலையில் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு உயரத்துக்குப் போகிறது. ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, ஆள் ஏறி, கொத்துக் கொத்தாகக் கிள்ளி இறக்க வேண்டும். ஏணி ஏறத் தெரிந்த ஆள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார். மிச்சமிருப்பவரின் கூலி ஏறுகிறது.

2016 வாக்கில் கிலோ 600 ரூபாயைத் தாண்டி விற்ற மிளகு, அடுத்த சில ஆண்டுகளில் 400 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வரிச்சலுகையோடு உள்ளே வருகிறது என்று தோட்டக்காரர்கள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகு இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது. அப்படியும் விலை உடனே நிமிரவில்லை. மசாலாப் பொடி வாங்குகிறவர் உறையைத் திருப்பி எந்த மலையின் மிளகு என்று தேடுவதில்லை. விலையைப் பார்க்கிறார். அவருக்காக ஆலையும் விலையைப் பார்க்கிறது.

ஒரு பொருளை எங்கே செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? முதலாளி என்று ஒரு பதில் உண்டு, அரசு என்று ஒரு பதில் உண்டு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த இருவரையும் நெருக்குகிற சக்திகள் இரண்டு: கடையில் நின்று குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும் கை, பட்டறையில் நின்று நியாயமான கூலியைக் கேட்கும் கை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொழிற்சாலைகள் கண்டம்விட்டுக் கண்டம் போயிருக்கின்றன. தமிழ்நாடு இந்தப் பயணத்தில் வரவேற்ற ஊராகவும் இருந்திருக்கிறது, வழியனுப்பிய ஊராகவும் இருந்திருக்கிறது. அதனால் இந்தக் கதையைச் சொல்லத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை. கொல்லிமலையில் நின்று பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

பழைய சான்று ஒன்றிலிருந்து தொடங்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் பெண்களுக்கு இந்தியப் பருத்தித் துணி மீது பெரும் மோகம். சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்து அச்சிட்ட துணி மலிவு, துவைத்தால் சாயம் போகாது, உடுத்த இலேசு. லண்டன் பட்டு நெசவாளரால் அந்த விலைக்குத் துணி தர முடியவில்லை. 1700இலும் 1721இலும் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தியத் துணிக்குத் தடைச் சட்டங்கள் போட்டது. இடையில் 1719இல் லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் பருத்தி ஆடைகளைக் கிழித்துக் கலகம் செய்தார்கள். வேலை கடல் கடந்து போகிறது என்ற அச்சம் முதலில் எழுந்தது அங்கே. வேலை வந்து சேர்ந்த கரை நம்முடையது. பிறகு லங்காஷயரில் இயந்திரம் வந்தது, அதன் பின்னே பேரரசின் வரிக்கொள்கையும் நின்றது, ஓட்டம் திரும்பியது. அடுத்து லங்காஷயரின் ஆலைகளே ஜப்பானிடமும் பம்பாயிடமும் சந்தையை இழந்தன. முந்நூறு ஆண்டுகளாக இந்த நதி திசை மாற்றி மாற்றி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

திருப்பூருக்கு அது வந்த ஆண்டு 1978 என்று ஊரில் சொல்வார்கள். இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. அதுவரை உள்நாட்டுக்குப் பனியன், ஜட்டி தைத்த ஊர் அடுத்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பின்னலாடை அனுப்பும் நகரமானது. இன்று அதன் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. திருப்பூரின் உழைப்பும் கூட்டாளி முறையும் கவுண்டர் குடும்பங்களின் துணிச்சலும் இதற்குக் காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தையல் கூலி ஏறியிருந்தது. 1960களில் அமெரிக்கர் உடுத்தியதில் மிகப் பெரும் பங்கு அமெரிக்காவிலேயே தைத்தது. இப்போது நூற்றுக்கு 97 பங்கு வெளியிலிருந்து வருகிறது.

அப்படி வருகிற ஒரு சட்டையின் விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று கனடாவின் மெக்லீன்ஸ் இதழ் 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டது. வங்கதேசத்தில் தைத்து 14 டாலருக்கு விற்கும் போலோ சட்டை அது. துணியும் மற்ற பொருள்களும் 3 டாலர் 69 சென்ட். கப்பல், காப்பீடு, சுங்கம் ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல். தொழிற்சாலைக்காரரின் லாபம் 58 சென்ட். தைத்தவர்களின் கூலி 12 சென்ட். கடைக்கு வந்து சேரும்போது அடக்கம் 5 டாலர் 67 சென்ட். மீதியெல்லாம் விற்கும் கடையின் வாடகை, விளம்பரம், ஊழியர், லாபம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூலியை இரண்டு மடங்காக்கினாலும் சட்டைக்கு 12 சென்ட்தான் கூடும். வாங்குகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். அப்படியிருந்தும் அந்த 12 சென்ட்டுக்காகத் தொழிற்சாலைகள் ஏன் நாடு மாறுகின்றன? பருத்தியின் விலை உலகச் சந்தையில் நிற்கிறது. கப்பல் கட்டணம் கப்பல் கம்பெனியின் கையில். சுங்கம் அரசின் கையில். கடை வாடகை நகரத்தின் கையில். ஆர்டர் கொடுக்கும் பையர் வந்து, போன வருஷ விலையில் ஐந்து சதவீதம் குறைத்துக் கொடு என்று சொல்லும்போது தொழிற்சாலைக்காரரால் அசைக்க முடிந்த பகுதி, தன் லாபமும் தையல் கூலியும் மட்டும்தான். கூலி பெரிதாக இருப்பதால் அதன் மீது நெருக்கடி விழுவதில்லை. அசைக்க முடிந்த ஒரே இடம் என்பதால் விழுகிறது. திருப்பூரில் பெரிய கம்பெனியிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும், பவர் டேபிள் என்னும் சிறு தையற்கூடத்தின் உரிமையாளரைக் கேட்டால் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

வங்கதேசத்துக்கு அந்தத் தொழில் போன விதம் தனிக்கதை. 1970களில் பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று ஒதுக்கீடு வைத்தன. 1974இலிருந்து 2004 முடிய அந்த ஏற்பாடு நடந்தது. தென்கொரியாவின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, அங்கே கூலியும் ஏறத் தொடங்கியது. தேவூ நிறுவனம் ஒதுக்கீடு மீதமிருக்கும் நாட்டைத் தேடியது. 1979இல் சிட்டகாங்கில் நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மெண்ட்ஸுடன் கைகோத்தது. அங்கிருந்து சுமார் 130 பேரை பூசான் நகரத்துக்கு அழைத்துப்போய் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தது. சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் வெளியேறி வேறு கம்பெனிகளில் சேர்ந்தார்கள், சொந்தமாகவும் தொடங்கினார்கள். இன்று சீனாவுக்கு அடுத்த பெரிய ஆடை ஏற்றுமதி நாடாக வங்கதேசம் வளர்ந்ததற்கு அந்த ஒரு பயிற்சிக் குழு விதை போட்டது. தொழில் போகும்போது துணியும் இயந்திரமும் மட்டும் போவதில்லை, கைவித்தையும் போகிறது. போன பிறகு அதைத் திருப்பி வாங்க முடியாது.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிக ஏழை நாடுகளின் பொருள்களுக்குச் சுங்கமில்லை என்று அறிவித்தது. வங்கதேச ஆடை சுங்கமில்லாமல் போனது. இந்திய ஆடைக்கு நூற்றுக்கு ஒன்பது, பத்து என்று சுங்கம் இருந்தது. அதோடு கூலி வேறுபாட்டையும் சேர்த்தால் திருப்பூர் எத்தனை ஆர்டர்களை இழந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 2010இல் 3,000 டாக்கா. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. ஆர்டர் தேதி தவறக்கூடாது என்பதற்காக மறுநாள் காலை அவர்களை உள்ளே அனுப்பினார்கள். அந்த உயிர்ப்பலிக்குப் பிறகே கூலி 5,300 டாக்கா ஆனது. 2018இல் 8,000, 2023 டிசம்பரில் 12,500. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் தெருவில் போராட்டமும் தடியடியும் இருந்தன.

இதைவிடக் கீழே ஒரு படி இருக்கிறதா என்று பையர்கள் தேடினார்கள். எத்தியோப்பியாவில் 2016இல் ஹவாசா தொழிற்பூங்கா திறந்தது. அங்கே தொடக்கக் கூலி மாதம் 26 டாலர் என்றும், ஆடை தைக்கும் நாடுகளிலேயே அதுதான் மிகக் குறைவு என்றும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் எழுதியது. உள்நாட்டுப் போர் வந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கா தன் வரிச்சலுகையை நிறுத்தியது. அதற்கு முன்பே ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் தன் ஆலையை மூடிக்கொண்டு போயிற்று. ஆறே ஆண்டுகள். வந்த வேகத்தில் போய்விட்ட தொழில், அந்த ஊருக்கு எதை விட்டுப்போனது?

திருப்பூர் ஆர்டர்களைத் தக்கவைக்க என்ன கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். நொய்யல் ஆறு சாயக்கழிவில் கறுத்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்னொரு பக்கம் நூற்பாலைகள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். கல்யாணச் செலவை நினைத்துப் பெற்றோர் அனுப்பினார்கள். பாதியில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்குத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு. 2011 மே மாதம் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகு ஐரோப்பியக் கடைகளில் கேள்வி எழுந்தது. மலிவான டி-ஷர்ட்டின் மறுமுனையில் சேலம், நாமக்கல், திண்டுக்கல் மாவட்டங்களின் விடுதிகள் இருந்தன.

காலணியின் பயணம் இதைவிட நீளம். அமெரிக்காவில் பில் நைட் என்ற இளைஞர் 1964இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, ஜப்பானில் செய்த ஒனிட்சுகா டைகர் ஓட்டக் காலணிகளை இறக்கி விற்றார். ஜெர்மன் காலணிகளைவிட ஜப்பான் காலணி மலிவு என்பதே அவருடைய கணக்கு. அந்த நிறுவனம்தான் பிறகு நைக்கி ஆயிற்று. ஜப்பானில் கூலி ஏறியதும் தென்கொரியாவின் பூசானுக்கும் தைவானுக்கும் வேலை போனது. 1987இல் கொரியத் தொழிலாளர்கள் நாடு முழுக்கப் போராடிச் சங்கம் அமைக்கும் உரிமையையும் நல்ல கூலியையும் வென்றார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் பூசானின் காலணித் தொழில் பெரும்பாலும் சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பெயர்ந்துவிட்டது. பிறகு வியட்நாம். 2010க்குப் பிறகு சீனாவில் வேலைநிறுத்தங்களும் கூலி உயர்வும் தொடர்ந்தன. அடுத்த ஊர் எது?

அடுத்த ஊர் செய்யாறு. தைவானின் பெங் டே நிறுவனம் அங்கே சிப்காட் வளாகத்தில் 2000களின் நடுவிலேயே வந்து காலணி செய்யத் தொடங்கியது. விவசாயக் கூலி தவிர வேறு வேலை பார்த்திராத ஆயிரக்கணக்கான பெண்கள் பேருந்தில் ஏறி வேலைக்குப் போனார்கள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் என்று தனிக் கொள்கை வெளியிட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துக்கு ஹாங் பூ என்ற காலணி நிறுவனம். 2023 ஏப்ரலில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டைக்கு பௌ சென் என்ற இன்னொரு காலணி நிறுவனம். 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்றது ஒப்பந்தம். 2023 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் கிராக்ஸ் காலணி செய்யும் ஆலை திறந்தது. கொல்லிமலைக்குக் கிழக்கே பச்சைமலையைத் தாண்டினால் பெரம்பலூர்தான். ஜப்பானில் தொடங்கிய பாதை இந்த மலையடிவாரம்வரை வந்துவிட்டது.

இது நல்ல செய்தி. இந்தியாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கைக்கு வந்த பெண்ணுக்கு வீட்டில் பேச்சு எடுபடுகிறது, தங்கை படிப்பு நிற்பதில்லை. இதை யாரும் சிறிதாக எண்ண வேண்டாம். ஆனால் இந்த ஆலைகள் ஏன் வந்தன என்பதை மறக்கவும் கூடாது. சீனாவில் கூலி ஏறியதால் வந்தவை, இங்கே ஏறினால் என்ன செய்யும் என்ற கேள்வியை இப்போதே கேட்டுவைப்பது நல்லது. பூசானுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கிடைத்தன. அந்த இடைவெளியில் கொரியா தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, கப்பலும் காரும் மின்னணுப் பொருளும் செய்யக் கற்றது. காலணி போனபோது பூசானுக்கு வலித்தது, நாடு விழவில்லை.

இனி மலைக்குள் வரலாம். உற்பத்தி இடம் மாறுவது நாடுகளுக்கிடையே மட்டும் நடப்பதில்லை. ஒரு வீட்டின் உரலிலிருந்து சமவெளியின் மில்லுக்கும் மாறுகிறது.

கொல்லிமலையில் நாடுகள் எனப்படும் பதினான்கு ஊர்த்தொகுதிகளிலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விதைத்தார்கள். சாமையை விளைவிப்பதைவிட அதை அரிசியாக்குவது பெரும்பாடு. காய வைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும். அந்த உழைப்புக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. அதனால் அது எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. பிறகு ரேஷன் கடை மலைக்கு வந்தது. 2008இல் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அதே காலத்தில் பெண்களுக்கும் வெளியில் கூலி வேலையும் நூறு நாள் வேலையும் கிடைத்தன. அவர்களின் நேரத்துக்கு முதன்முறையாக ஒரு விலை வந்தது. விலை வந்ததும் உரலில் போகிற காலைப்பொழுது கட்டுப்படியாகவில்லை. சாமை விதைத்த மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, ஏறியது.

பாரம்பரியம் அழிந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெண்களின் முதுகுவலியைக் கணக்கில் எடுக்காத வருத்தத்துக்கு மதிப்புக் குறைவு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. விதை வங்கியோடு நிற்காமல், சிறுதானியம் தீட்டும் சிறிய இயந்திரங்களை ஊர்களில் நிறுவி மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. உழைப்பின் சுமை குறைந்த இடங்களில் சாமைக்கு மறுபடி ஒரு வழி பிறந்தது. கூலி ஏறுவதைத் தடுத்து எந்தத் தொழிலையும் காப்பாற்ற முடியாது. வேலையின் கடுமையைக் குறைத்துக் காப்பாற்றலாம்.

சாமையின் இடத்தைப் பிடித்த கிழங்கின் கதை வேறு விதமானது. அது வெளிநாட்டிலிருந்து வேலை இங்கே வந்த கதை. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தது. ஜப்பான் அந்தப் பகுதியைப் பிடித்ததும் வரவு நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வணிகரும், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையைக் கண்டார்கள். கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் படியவிட்டு, ஈர மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, களத்தில் காயவைக்கும் குடிசைத் தொழிலாகத் தொடங்கிய அது சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் முழுக்கப் பரவியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்து, ஏலத்தின் வழியே விற்பனையை ஒழுங்குபடுத்தியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் கிழங்கு லாரிகள் போய்ச் சேரும் இடம் சேகோ எனப்படும் இந்த ஜவ்வரிசி ஆலைகள்தான்.

இங்கேயும் வாங்குகிறவரின் கை தெரிகிறது. ஜவ்வரிசியைப் பெரும்பாலும் உண்பவர்கள் மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் இருக்கிறார்கள்; விரத நாளில் கிச்சடியாகவும் வடையாகவும் ஆகிறது. அவர்களுக்கு முத்துப்போல வெள்ளையாக வேண்டும். இயல்பான ஜவ்வரிசி கொஞ்சம் மங்கல். வெள்ளைக்கு விலை அதிகம் கிடைத்ததால் சில ஆலைகள் அமிலமும் வெளுக்கும் ரசாயனமும் கலந்தன. மக்காச்சோள மாவைக் கலந்தவர்களும் உண்டு. நேர்மையாகச் செய்தவரின் மூட்டை ஏலத்தில் பின்தங்கியது. ஆலைக்காரருக்குக் கிடைத்த விலை குறைந்ததும், கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்டில் அளந்து உழவருக்குத் தரும் விலையும் குறைந்தது. விரதம் இருக்கிற ஒரு வீட்டின் நிற விருப்பம் கொல்லிமலைக் காட்டுக்காரரின் வருமானத்தைத் தொட்டது. இப்போது தாய்லாந்து வேறு போட்டியில் நிற்கிறது. உலகில் மரவள்ளி ஸ்டார்ச்சை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு அது.

மலையின் இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நாமக்கல் கோழிப்பண்ணைக்கும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் போகிறார்கள். மிளகு பறிக்க ஆள் இல்லை என்று தோட்டக்காரர் சொல்வதும், ஆள் கிடைக்காமல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வரவழைக்கிறோம் என்று திருப்பூர் சொல்வதும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். நூறு நாள் வேலையின் தினக்கூலி 2024-25இல் தமிழ்நாட்டில் 319 ரூபாய். அதைவிடக் குறைவாகக் கொடுத்து ஏணி ஏறச் சொன்னால் யார் வருவார்? பள்ளிக்கூடமும் ரேஷனும் நூறு நாள் வேலையும் சேர்ந்து, பசிக்காக எந்தக் கூலிக்கும் இணங்க வேண்டிய நிலையிலிருந்து மக்களை விடுவித்தன. இதைத் தொழிலாளர் பற்றாக்குறை என்று மட்டும் பேசுவது தவறு. ஐம்பது ஆண்டுகளாக இந்த மாநிலம் பாடுபட்டுச் சேர்த்த செல்வம் அது.

ஆகவே கூலி ஏறுவதைக் குற்றவாளியாக நிறுத்துவதை இந்த மேடை ஏற்காது. மலிவு விலையைத் தேடும் நுகர்வோரைக் குற்றவாளியாக்குவதும் பாதி நியாயமே. திருப்பூரில் தைக்கும் பெண்ணும் தன் பிள்ளைக்கு மலிவான சட்டையைத்தான் தேடுகிறார். அவருடைய சம்பளம் அதற்குத்தான் போதும். குற்றம் நடுவில் இருக்கிறது. கடையின் விலைச்சீட்டுக்கும் தொழிலாளியின் சம்பளச் சீட்டுக்கும் இடையே எந்தப் பொறுப்பையும் சேர்த்துக்கட்டாமல் விட்டதுதான் குற்றம். சேர்த்துக்கட்ட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலையுண்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உற்பத்தி நிறுவனமும் எச் அண்ட் எம் நிறுவனமும் சட்டப்படி கட்டுப்பட்டன. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விதிகளை மீறினால் ஆர்டரே பாதிக்கப்படும் என்ற நிலை வந்தது. வாங்குகிறவரின் அதிகாரத்தைத் தொழிலாளியின் பாதுகாப்பாக மாற்றிய ஒப்பந்தம் அது. பாதுகாப்புக்குச் செய்ததைக் கூலிக்கும் செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலியை ஐந்தாண்டுக்கு மேல் தள்ளிப்போடாமல் திருத்த வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆனால் தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான கூலி பத்து ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தது. 2014இல் அரசு உயர்த்தி அறிவித்ததை உரிமையாளர்கள் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த உயர்வுக்குப் பிறகும் திருப்பூர் மூடிப்போகவில்லை. ஏற்றுமதி கூடத்தான் செய்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீதம் வரி விதித்தபோது திருப்பூர் பட்ட அடிக்கும் உள்ளூர்க் கூலிக்கும் சம்பந்தமில்லை. ஒரே வாங்குபவரை நம்பி நிற்பதன் ஆபத்து அது.

பெரம்பலூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் வரும் ஆலைகளுடன் அரசு போடும் ஒப்பந்தங்களில் நிலம், மின்சாரம், மானியம் ஆகியவற்றோடு ஆண்டுதோறும் ஏறும் கூலி, மேற்பார்வையாளராகப் பெண்கள், ஆலைக்குள்ளேயே தொழிற்பயிற்சி என்று மூன்றையும் எழுதிச் சேர்க்க வேண்டும். இங்கே ஆள் மலிவு என்று சொல்லி யாரையும் அழைக்க வேண்டாம். அப்படி வருகிறவர் அதே காரணத்துக்காகப் போய்விடுவார். கொல்லிமலைக்கு வேண்டியவை இன்னும் சிறியவை: மலையின் நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தானியம் தீட்டும் மில், மிளகைத் தரம் பிரித்து இந்த மலையின் பெயரிலேயே விற்க ஒரு கூட்டுறவு, ஏணி ஏறும் தொழிலாளிக்கு விபத்துக் காப்பீடு, மலையிலேயே ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு. இவற்றைச் செய்து கொடுக்கும்படி மாவட்ட நிர்வாகத்தையும் மாநில அரசையும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்வோம். வாங்குகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மிளகோ சாமையோ ஜவ்வரிசியோ வாங்கும்போது எந்த ஊரில் விளைந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள், மங்கலான ஜவ்வரிசியைக் கேட்டு வாங்குங்கள்.